தாயின் பசியும் குட்டியின் ஈரலும்

இரட்டைக் குட்டிகளை வயிற்றில் சுமந்துகொண்டு, ஈனுவதற்கு இன்னும் பத்து நாளோ பதினைந்து நாளோ இருக்கும் தறுவாயில், மந்தையை விட்டு ஒதுங்கி நின்று, தலையைச் சுவரோடு சுவராக அழுத்திக்கொண்டு, முன்னே வைத்த தழையை முகர்ந்தும் பாராமல், சில நாட்களுக்குள் படுத்த படுக்கையாகி இறந்துபோகும் செம்மறியாட்டை ஆடு வளர்க்கும் நாடுகள் பலவற்றிலும் மேய்ப்பர்கள் கண்டிருக்கிறார்கள். அதன் வாயருகே குனிந்தால் கனிந்து கெட்ட பழத்தின் வாடை போன்ற ஓர் இனித்த நெடி அடிக்கும். கால்நடை வைத்தியர் அந்தப் பிரேதத்தைக் கீறிப் பார்க்கையில், செம்மை கலந்த பழுப்பு நிறத்தில், இறுக்கமாக, ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டிய கல்லீரல் வெளிறி மஞ்சளித்து, ஊதி, ஓரம் மழுங்கி, விரலால் அழுத்திய மாத்திரத்தில் உடைந்து குழைவதைக் காண்கிறார். அதில் ஒரு துண்டை அறுத்துக் கிண்ணத்து நீரில் போட்டால், மூழ்க வேண்டிய ஈரல், நோய் முற்றிய ஆட்டில், உள்ளே ஏறிய கொழுப்பின் மிகுதியால் மிதந்துவிடுகிறது. ஆங்கிலேய மேய்ப்பர்கள் இந்நோய்க்கு இரட்டைக்குட்டி நோய் என்றே பெயரிட்டார்கள்.

தாயின் ஈரலுக்கு நேர்ந்த கதி இவ்வாறு கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. அத்தகைய பசியையே சற்றுக் குறைந்த அளவில் கருப்பைக்குள் இருந்தபடி அனுபவித்து, ஆயினும் உயிரோடு பிறந்து, எழுந்து நின்று, மடி தேடிப் பாலருந்தி, மற்றக் குட்டிகளோடு துள்ளித் திரியும் ஒரு குட்டியின் ஈரலில் என்ன நிகழ்ந்திருக்கிறது என்பதோ அவ்வாறு தெரிவதில்லை. அதனுடைய நடையிலும் பார்வையிலும் குறை ஒன்றும் இராது. பல சமயங்களில் தராசில் வைத்தாலும் எடை குறையாது. இருந்தபோதிலும், அது ஒரு வயதும் இரண்டு வயதும் எட்டுகையில், உண்ட ஆகாரத்தைச் சதையாக்குவதற்குப் பதில் கொழுப்பாக்கிச் சேமிக்கும் ஓர் உடலாக அது அமைந்திருக்கக் கூடும் என்பதையும், அந்த அமைப்புக்கான காரணங்களுள் ஒன்று கர்ப்பவாசத்தில் அதன் ஈரல் கற்றுக்கொண்ட பாடம் என்பதையும் கடந்த சில பத்தாண்டுகளின் ஆராய்ச்சி உணர்த்தியிருக்கிறது.

இதனைப் புரிந்துகொள்ள அசைபோடும் பிராணிகளின் சரீர அமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் சோறுண்டால் அதிலுள்ள மாச்சத்து குடலில் குளுகோஸாகப் பிரிந்து இரத்தத்தில் சேருகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எருமைக்கும் அந்த வசதி இல்லை. அவை தின்னும் புல்லும் வைக்கோலும் தானியமும் முதலில் பெருவயிற்றுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்களின் வசப்பட்டு, அங்கே நொதித்து, அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்ற அமிலங்களாக மாறிவிடுவதால், குளுகோஸ் என்ற உருவில் குடலிலிருந்து இரத்தத்தை அடைவது மிகச் சொற்பம். ஆயினும் மூளைக்கும், பால் சுரக்கும் மடிக்கும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கருவிலுள்ள குட்டிக்கும் குளுகோஸ் தேவை. அத்தேவையை நிறைவேற்றும் பொறுப்பு பெரும்பாலும் ஈரலின் மேல் விழுகிறது. அது புரோபியானிக் அமிலத்தைக் கொண்டும், அது போதாதபோது புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களைக் கொண்டும், இராப்பகலாகக் குளுகோஸைப் புதிதாகச் சமைத்துத் தந்துகொண்டே இருக்கிறது. ஈரல் சர்க்கரையை உண்டாக்கும் உறுப்பு என்பதை 1848-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கிளாட் பெர்னார்ட் எடுத்துக் காட்டியதும், 1857-இல் அவரே ஈரலின் சேமிப்புச் சர்க்கரையாகிய கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்ததும் சரீர சாஸ்திரத்தின் பெரிய நிகழ்ச்சிகள். அவர் கண்ட அந்தத் தொழில் நாய்க்கும் மனிதனுக்கும் முக்கியம் என்றால், ஆட்டுக்கு அது ஜீவாதாரம்.

சினையாட்டின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 150 நாட்கள். குட்டி தன் பிறப்பெடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கடைசி 50 நாட்களில்தான் பெறுகிறது. அந்த 50 நாட்களில், வளரும் கருப்பை வயிற்றை நெருக்குவதால் தாய் உண்ணக்கூடிய அளவு குறைகிறது. உண்ண வேண்டிய அளவோ பெருகுகிறது. மேய்ச்சலும் வறண்டுவிட்டால், தாய் தன் உடற்கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்ப, ஈரல் அதை எரித்து மாளாமல் ஒரு பகுதியைக் கீட்டோன்களாக வெளியேற்றி, மற்றொரு பகுதியைத் தன்னுள்ளேயே தேக்கிக்கொள்கிறது. முதலில் சொன்ன மஞ்சள் ஈரலும் பழநெடியும் இப்படி வந்தவையே.

தாயின் நிலை குட்டியின் வளர்ச்சியை ஆளுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் வால்ட்டனும் ஹாமண்டும் 1938-இல் ஓர் அழகிய சோதனையால் நிறுவினார்கள். பெரிய வண்டிக்குதிரை இனமாகிய ஷயர் குதிரையையும், சிற்றுருவான ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இருவழியாகவும் கலந்தார்கள். இருவழிக் குட்டிகளும் பாரம்பரியத்தில் பாதிக்குப் பாதி. எனினும் ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லாந்து தாய் ஈன்ற குட்டியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. பின்னர் ஹாமண்டின் சிஷ்யரான நியூசிலாந்துக்காரர் வாலஸ், சினையாடுகளுக்கு வெவ்வேறு அளவில் தீவனம் கொடுத்து, அவற்றின் குட்டிகளை உறுப்பு உறுப்பாக நிறுத்து, 1948-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கடைசிக் காலத்தில் பசித்திருந்த தாயின் குட்டி சிறியதாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், உறுப்புகள் அந்தக் குறைவைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தில் இருந்தது: மூளை அநேகமாகத் தன் முழு எடையையும் காத்துக்கொண்டது, ஈரலோ உடல் குறைந்த விகிதத்தைக் காட்டிலும் அதிகமாகச் சுருங்கிவிட்டது.

ஈரலை இவ்வாறு பலியிடுவது எது? கருவின் இரத்த ஓட்டத்தைக் கவனித்தால் விளங்கும். நஞ்சுக்கொடியிலிருந்து ஆகாரமும் பிராணவாயுவும் நிறைந்து வரும் இரத்தம் கொப்பூழ்ச் சிரை வழியாகக் கருவின் உடலுக்குள் புகுந்தவுடன், இரண்டு பாதைகள் அதன் முன் கிளைக்கின்றன: ஒன்று ஈரலின் ஊடே புகுந்து செல்வது, மற்றொன்று ஈரலைத் தொடாமல் ஒரு குறுக்குக் குழாய் வழியே இருதயத்தை அடைந்து மூளைக்குப் பாய்வது. ஆட்டுக் கருவில் சாதாரண காலத்தில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாக இரத்தம் பிரிகிறது. பஞ்சம் நேர்ந்தால், குறுக்குக் குழாயின் பங்கு பெருகி ஈரலின் பங்கு சுருங்குகிறது. குடும்பத்தில் ஒரு வாய்ச் சோறு குறைந்தால் யார் தட்டில் முதலில் குறையும் என்பதை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். ஊட்டம் சுமந்து வரும் இரத்தம் வந்து நுழையும் வாசலிலேயே குடியிருக்கும் ஈரல், வீட்டுக்கு மூத்த பெண்ணைப் போலத் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடுகிறது.

அளவில் சுருங்கியதோடு காரியம் முடிந்திருந்தால், பிறந்த பின் நல்ல பால் குடித்து அந்தக் குறைவை ஈடுசெய்துகொள்ளலாம். ஈரலைப்போல் மீண்டும் வளரும் வல்லமையுள்ள உறுப்பு வேறில்லை. ஆனால் மாறுவது அளவு மட்டுமன்று, தொழிலும் மாறுகிறது. தாயாட்டின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 அல்லது 60 மில்லிகிராம் குளுகோஸ் இருந்தால், கருவின் இரத்தத்தில் 20 மில்லிகிராம் அளவே இருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் இறங்குவதுபோல, இந்த ஏற்றத்தாழ்வினாலேயே குளுகோஸ் தாயிடமிருந்து குட்டிக்கு இறங்குகிறது. அவ்வாறு இறங்கி வருகிற வரையில் கருவின் ஈரலுக்குத் தானே குளுகோஸ் சமைக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல போஷணையுள்ள ஆட்டுக் கருவில் ஈரல் அத்தொழிலை அநேகமாகத் தொடங்குவதே இல்லை. ஈனுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கருவின் இரத்தத்தில் கார்டிசால் என்னும் சுரப்பு ஏறத் தொடங்கி, அதன் தூண்டுதலால் ஈரல் கிளைக்கோஜனைச் சேர்த்து, சர்க்கரை சமைக்கும் நொதிகளையும் ஆயத்தம் செய்துகொள்கிறது. கொடி அறுந்து, சீம்பால் தொண்டையில் இறங்கும் வரையில் உள்ள இடைவேளையைக் கடப்பதற்கு இயற்கை கட்டித் தந்த சோற்று மூட்டை அது.

தாய் பசித்திருந்தால் இந்த ஒழுங்கு கலைகிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹேயும் அவருடைய சகாக்களும், சினையாட்டின் இரத்தக் குளுகோஸை வாரக்கணக்கில் தாழ்த்தி வைத்துக் கருவைக் கவனித்தபோது, காலம் வருமுன்பே கருவின் ஈரல் குளுகோஸ் சமைக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டார்கள். எதைக்கொண்டு சமைக்கிறது? சதையாக வேண்டிய அமினோ அமிலங்கள் இதற்கு உதவுகின்றன. அதாவது, கட்டாத வீட்டின் செங்கல்லை எடுத்து அடுப்புக்கு வைக்கிறது. இன்னொரு சோதனையில், சினையாடுகளை நாள்தோறும் 40 டிகிரி அளவான வெப்பத்தில் நெடுங்காலம் நிறுத்தி வைத்தார்கள். வெப்பத்தால் நஞ்சுக்கொடி சிறுத்து, தாயிடமிருந்து இறங்கும் ஆகாரம் குறைந்து, கரு வளராமல் நின்றது. அந்தக் கருவிலும் ஈரல் குளுகோஸ் சமைத்துக்கொண்டிருந்தது. அப்போது இன்சுலினை அந்தக் கருவுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை போதும், சமைப்பதை நிறுத்து என்று ஈரலுக்குச் சொல்லும் கட்டளையே இன்சுலின். பட்டினியில் பழகிய ஈரல் அக்கட்டளைக்கு இணங்கவில்லை, சமைத்துக்கொண்டே இருந்தது. முதிர்ந்த மனிதனிடம் நீரிழிவு என்று நாம் அஞ்சும் வியாதியின் லட்சணங்களில் ஒன்று, இன்னும் பிறவாத ஓர் ஆட்டுக்குட்டியின் ஈரலில் இவ்வாறு தலைகாட்டுகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் ஆடு வளர்ப்போர் இந்தச் சோதனையை நினைவில் இருத்த வேண்டும். தொட்டியில் தீவனம் நிறைந்திருந்தும், நிழலில்லாத சினையாட்டின் குட்டி கருவில் பசித்திருக்கலாம்.

கருவின் நோக்கில் பார்த்தால், இந்த மாறுதல் ஒரு யுக்தியே. வெளியுலகம் வறட்சியானது என்று தாயின் இரத்தம் செய்தி அனுப்புகிறது. கரு அந்த உலகத்துக்கு ஏற்றபடி சிக்கனமாகத் தன்னை அமைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்து டேவிட் பார்க்கரும் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் ஹேல்ஸும் 1992-இல் முன்வைத்த சிக்கன உடல் என்னும் கருத்தின் சாரம் ஏறக்குறைய இதுதான். 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் பஞ்சத்தில் ஆழ்ந்த ஹாலந்தில், தாய் வயிற்றிலிருந்தபடி அப்பஞ்சத்தை அனுபவித்தவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது, குளுகோஸைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது இக்கருத்துக்கு வலுவூட்டியது. மனிதரிடம் இத்தகைய சோதனையைச் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. அதனால்தான், மனிதச் சிசுவின் எடையை ஒத்த குட்டியை ஈனும் செம்மறியாடு ஆராய்ச்சிசாலைக்குள் வந்தது. மருத்துவர்கள் மனிதனுக்காகக் கேட்ட கேள்விக்கு ஆடு பதில் சொல்கிறது என்றால், அந்தப் பதில் முதலில் ஆடு வளர்ப்பவனுக்கே உரியது என்பது என் எண்ணம்.

பசி எவ்வளவு என்பதைக் காட்டிலும் எப்போது என்பதே பெரிய கேள்வி. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஃபோர்டும் அவருடைய குழுவினரும் கர்ப்பத்தின் 28-ஆம் நாளிலிருந்து 78-ஆம் நாள் வரையில் சினையாடுகளின் ஒரு பகுதிக்குத் தேவையான ஆகாரத்தில் பாதியையே கொடுத்து, அதன் பின் ஈனும் வரையில் முழு ஆகாரமும் கொடுத்தார்கள். கரு அப்போது மிகச் சிறியது. அதற்கு வேண்டிய ஆகாரமும் சொற்பம். எந்த மேய்ப்பனும் அந்த மாதங்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் ஈரல் உள்ளிட்ட உறுப்புகள் அடித்தளம் இடுவதும், தாயையும் சேயையும் இணைக்கும் பொத்தான் போன்ற நஞ்சுக்கொடி முடிச்சுகள் வளர்ந்து முடிவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பிறந்த குட்டிகளின் எடையில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. சில மாதங்கள் சென்றபின், பசித்த தாய்களின் கிடாய்க்குட்டிகளுக்குக் குளுகோஸைச் செலுத்திப் பார்த்தால், அது இரத்தத்திலிருந்து இறங்குவதற்கு அதிக நேரம் பிடித்தது. வெட்டிப் பார்க்கையில் சிறுநீரகத்தைச் சுற்றிலும் இடுப்பெலும்புக் குழியிலும் கொழுப்பு அதிகமாக மண்டியிருந்தது. நாட்டிங்ஹாமில் நடந்த வேறோர் ஆராய்ச்சி ஈரலையே நேராகப் பார்த்தது. ஈரல் உருவாகும் ஆரம்ப காலத்தில் தாயின் ஆகாரம் குறைக்கப்பட்ட குட்டிகளை, பிறந்த பின் அதிகம் தின்று அசையாமல் கொழுக்கும்படி வளர்த்தபோது, அவற்றின் ஈரலில் கொழுப்பு கூடுதலாகத் தேங்கியது. கருவில் பஞ்சத்துக்கென்று ஆயத்தம் செய்துகொண்ட ஈரல், பிறந்தபின் செழிப்பைச் சந்திக்கும்போதே அதிகம் தடுமாறுகிறது.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு வரலாறு. அது பசியில்லாத பட்டினியைப் பற்றியது. தென் ஆஸ்திரேலியாவின் கடற்கரை மேய்ச்சல் நிலங்களில், புல் நன்றாக இருந்தும் செம்மறியாடுகள் மெலிந்து, சோகை பிடித்து, புல்லின் நடுவிலேயே பட்டினி கிடந்தவைபோல் மடிந்துகொண்டிருந்தன. 1935-இல் அடிலெய்டில் மார்ஸ்டனும் லைன்ஸும், மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட்டும் ஃபில்மரும், தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அந்த மண்ணில் கோபால்ட் என்னும் உலோகம் போதவில்லை. சிட்டிகையிலும் சிட்டிகையாக அந்த உலோகத்தைக் கொடுத்தவுடன் ஆடுகள் தேறின. ஏன் என்பது 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகு விளங்கியது. அந்த வைட்டமினின் நடு மையத்தில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. ஆடு பி12-ஐ ஆகாரத்தில் பெறுவதில்லை. பெருவயிற்றின் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து புல்லுக்கு ஏறிய கோபால்ட்டைக் கொண்டு அதனைச் செய்து தருகின்றன. புரோபியானிக் அமிலத்திலிருந்து குளுகோஸ் சமைக்கிறது ஈரல் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அந்தச் சமையலின் ஒரு படியில் பி12 இல்லாமல் காரியம் நடவாது. கோபால்ட் குறைந்த நிலத்துக் குட்டிகளின் ஈரல் வெளிறிக் கொழுப்பேறுவதை மேய்ப்பர்கள் வெள்ளை ஈரல் நோய் என்று அழைத்தார்கள்.

பி12-க்கு ஈரலில் இன்னொரு தொழிலும் உண்டு. ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமினோடும், மெதியோனின் என்ற அமினோ அமிலத்தோடும் சேர்ந்து, மீதைல் என்னும் சிறு அணுக்கூட்டத்தை உயிரணுவுக்கு அது வழங்குகிறது. பரம்பரை எழுத்தாகிய டி.என்.ஏ.யின் மேல் அந்த மீதைல் சென்று ஒட்டிக்கொண்டால், எழுத்து மாறாது. அதன் ஓசை பெரும்பாலும் அடங்கிவிடும். தமிழில் ககரத்தின் மேல் ஒரு புள்ளியை ஏற்றினால் உயிரோசை அடங்கி வெறும் மெய்யாக நிற்கிறதல்லவா, அதைப்போல. சுவடி ஒன்றே, எந்த எழுத்துக்குப் புள்ளி உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பொறுத்து வாசிப்பு மாறிவிடுகிறது. ஈரல் உயிரணு எந்த நொதியைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதை இத்தகைய புள்ளிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கெவின் சின்கிளேரும் அவரோடு உழைத்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தப் புள்ளிகளைப் பற்றியது. பெட்டையாடுகளின் ஆகாரத்தில் பி12, ஃபோலேட், மெதியோனின் மூன்றும் சற்றே குறையும்படி செய்தார்கள். நோய் வரும் அளவுக்கு அன்று, பண்ணைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய வரம்புக்குள்ளேயே. இந்தக் குறைவு கரு உருவாவதற்கு முந்திய சில வாரங்களுக்கும், உருவான பின் ஆறு நாட்களுக்கும் மட்டுமே. கரு உருவான ஆறாம் நாள், கண்ணுக்குப் புலப்படாத சிறு உருண்டையாக அது இருக்கும்போதே, அதனை எடுத்து நல்ல போஷணையுள்ள வேறு தாயின் வயிற்றில் வைத்துவிட்டார்கள். ஆகையால் அந்தக் கரு குறைவை அனுபவித்தது தாயின் முட்டையிலும் முதல் ஆறு நாட்களிலும்தான். எஞ்சிய ஐந்து மாதமும் அது நிறைந்த வயிற்றில் வளர்ந்தது. குட்டிகள் இயல்பான எடையோடு பிறந்தன. வளர்ந்தபின், குறிப்பாகக் கிடாய்கள், எடையும் கொழுப்பும் மிகுந்து, இன்சுலினுக்கு இணங்காமல், இரத்த அழுத்தமும் உயர்ந்து காணப்பட்டன. கர்ப்பத்தின் 90-ஆம் நாளில் எடுத்த கருக்களின் ஈரலில் 1,400 இடங்களைச் சோதித்தபோது, அவற்றில் 4 சதவிகித இடங்களில் மீதைல் குறிகள் மாறியிருந்தன. மாறியவற்றில் பாதிக்கு மேல் ஆண் கருக்களுக்கே உரியவை. ஈரல் என்ற ஓர் உறுப்பே தோன்றாத காலத்தில் நிகழ்ந்த குறைவு, பின்னர் தோன்றிய ஈரலில் எழுதப்பட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டுத் தாயின் ஒரு நாள் பசியும் குட்டியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவது தவறு. முடிவுகள் இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஆராய்ச்சிசாலைக்கு ஆராய்ச்சிசாலை மாறுபடுகின்றன. சில சோதனைகளில் மாறுதல் எதுவும் தென்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. வயோமிங்கிலேயே நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல உதாரணம். அந்த மாநிலத்தின் தென்பகுதியில் பேக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய மந்தை ஒன்று, வறண்ட மேய்ச்சல் நிலத்தில் வெகுதூரம் நடந்து, கிடைத்ததைத் தின்று பிழைப்பது. பல்கலைக்கழகத்தின் சொந்த மந்தையோ, போதிய தீவனத்தோடு ஓரிடத்தில் வளர்வது. சோதனைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னே இரண்டும் ஏறக்குறைய ஒரே வம்சம். இரு மந்தைகளின் சினையாடுகளுக்கும் முன்போலவே பாதி ஆகாரம் கொடுத்து 78-ஆம் நாளில் பார்த்தார்கள். பல்கலைக்கழக ஆடுகளின் கருக்கள் எடை குறைந்து, இரத்தச் சர்க்கரையும் தாழ்ந்திருந்தன. பேக்ஸ் ஆடுகளின் கருக்களில் அந்தக் குறைவு இல்லை. அவற்றின் நஞ்சுக்கொடி முடிச்சுகள் முன்கூட்டியே உருமாறி, குறைந்த ஆகாரத்திலும் கருவுக்கு வேண்டியதைக் கடத்திக் கொடுத்திருந்தன. முப்பது ஆண்டு வறட்சி ஒரு மந்தைக்குக் கற்றுக்கொடுத்த வித்தை இது. வேற்று நாட்டு உயரினக் கிடாய்களைக் கொண்டு வந்து நாட்டு மந்தைகளில் கலக்கும்போது, எடையையும் கம்பளியையும் கணக்கிடுகிறோம். பஞ்ச காலத்தில் கருவைக் காக்கும் இந்தத் திறமையை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. அது இழந்தபின் தெரியவரும் செல்வம்.

ஆக, பிறப்பெடை ஓர் அரைகுறைச் சாட்சி. குட்டி கனமாகப் பிறந்தது, ஆகையால் தாய்க்குக் குறைவில்லை என்று தீர்ப்பளித்து வந்த நம் வழக்கத்தை இந்த ஆராய்ச்சிகள் அசைத்துவிட்டன. கடைசி 50 நாட்களின் பசியைத் தராசு காட்டிக்கொடுக்கும். முதல் 80 நாட்களின் பசியையும், சினைபிடிப்பதற்கு முன்னிருந்த பசியையும் அது காட்டாது. சினையாட்டுக்குக் கடைசி மாதத்தில் அடர்தீவனம் கொடுக்க வேண்டும் என்ற உபதேசம் சரியானதே, அது தாயை மஞ்சள் ஈரலிலிருந்தும் குட்டியை நோஞ்சானாகப் பிறப்பதிலிருந்தும் காக்கும். ஆனால் குட்டியின் ஈரல் தன் வழக்கத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகு வரும் உதவி அது.

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இதற்கு ஒரு தனி இடர் இருக்கிறது. பல மந்தைகளில் கிடாய் ஆண்டு முழுவதும் பெட்டைகளோடு சேர்ந்தே திரிகிறது. எந்த ஆடு எப்போது சினைபிடித்தது என்பது வயிறு தெரியும் வரையில் எவருக்கும் தெரியாது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, தாள் மேய்ந்து கொஞ்சம் தேறிய பெட்டைகள், கோடை முற்றி மேய்ச்சல் கருகும்போது முதல் இரண்டு மூன்று மாதச் சினையோடு வெயிலில் நடக்கின்றன. வறண்ட புல்லும், வேலிக்கருவை நெற்றும், காய்ந்த இலையுமே அப்போது ஆகாரம். வயோமிங்கில் விஞ்ஞானிகள் வலிந்து உண்டாக்கிய பஞ்சத்தை இங்கே கோடை தானாகவே உண்டாக்குகிறது. கொலராடோவில் அறைக்குள் மூட்டிய வெப்பமும் கூடவே சேர்ந்துகொள்கிறது.

கிடாயைப் பிரித்து வைத்து, சினைபிடிக்கும் காலத்தை நாமே தேர்ந்துகொள்வது இதற்கு முதற்படி. அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே பெட்டைகளுக்குக் கொஞ்சம் தானியமும் பிண்ணாக்கும் தாது உப்பும் கொடுத்துத் தேற்றுவது அடுத்த படி. தாது உப்புக் கலவையில் கோபால்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. நடுக்கோடையில் நண்பகல் மேய்ச்சலை நிறுத்தி நிழலில் கட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. எந்த ஆட்டுக்கு எவ்வளவு தேவை என்று அறிவதற்கு ஆராய்ச்சிசாலையும் வேண்டியதில்லை. கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பின் மேல், உங்கள் கையை வையுங்கள். முதுகெலும்பின் முள்ளும், இருபுறமும் நீண்டிருக்கும் குறுக்கெலும்புகளின் நுனிகளும் விரலுக்குக் கூர்மையாகக் குத்தினால், அந்த ஆடு தன் சேமிப்பை ஏற்கெனவே தின்று தீர்த்துவிட்டது. அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டு, மேலே சதை மெத்தென்று மூடியிருந்தால் அது சுமக்கத் தகுதியானது. ஆட்டுக்காரர்கள் இந்தப் பரிசோதனையைக் குட்டி ஈனும் மாதத்தில் செய்வதைக் காட்டிலும், கிடாயை மந்தையில் விடுவதற்கு முன் செய்ய வேண்டும்.